"பழைய பிசியில் ஓடவில்லை" என்ற புகார் வந்தால்: கேம் டெவலப்பர்களுக்கான வழிகாட்டி

"என் சிஸ்டம்ல ஓடல, பழைய பிசிக்கும் சப்போர்ட் குடுங்க." கேம் வெளியான முதல் வாரத்திலேயே இந்த வரி ஏதாவது ஒரு வடிவில் வந்து சேரும். படித்ததும் குழுவில் இரண்டு குரல்கள் எழும். "ஆப்டிமைஸ் பண்ணிக்கிட்டு இருக்கோம்னு போட்டுடு" என்பது ஒன்று. "பத்து வருஷ மெஷினுக்கெல்லாம் நாம என்ன செய்ய முடியும்?" என்பது இன்னொன்று. இரண்டுமே புகாரின் உள்ளே போகாமல் சொல்லப்படும் பதில்கள்.

அந்த ஒற்றை வரிக்குள் ஐந்து வேறு கோளாறுகளில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். கேம் திறக்கவே இல்லை. திறந்து, நடுவில் கிராஷ் ஆகிறது. தொடக்கம் முதலே மந்தமாக ஓடுகிறது. நன்றாக ஓடுகிறது, ஆனால் அவ்வப்போது திக்குகிறது. போன அப்டேட் வரை ஓடியது, இப்போது ஓடவில்லை. முதலாவதைச் சரிசெய்யச் சில சமயம் ஒரு கம்பைலர் ஃபிளாகை (கோடை இயங்கு கோப்பாக மாற்றும் கருவிக்குக் கொடுக்கும் அமைப்பு) மாற்றினால் போதும். மூன்றாவதற்கு மாதங்கள் ஆகலாம். இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி "லோ எண்ட் பிரச்சினை" என்று சீட்டு ஒட்டினால், அரை நாளில் தீர வேண்டியதும் ஆறு மாதம் கிடக்கும்.

தகவலை கேமே திரட்டட்டும்

"உங்கள் ஸ்பெக் என்ன?" என்று கேட்டால் "ஐ5, 8 ஜிபி" என்று பதில் வரும். ஐ5 என்ற பெயரில் 2009 முதல் சிப்கள் விற்கப்படுகின்றன. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. "சிஸ்டம் விவரத்தை நகலெடு" என்று ஒரு பட்டன் வையுங்கள். அதை செட்டிங்ஸ் பக்கத்தில் மட்டும் வைத்தால், கேமே திறக்காதவருக்கு அது எட்டாது. லாஞ்சரிலோ, தனியாக ஓடும் கிராஷ் ஜன்னலிலோ இருக்க வேண்டும்.

அந்தப் பட்டன் எடுத்துத் தர வேண்டியவை: சிபியூவின் முழுப் பெயர், கோர் எண்ணிக்கை, அது எந்தெந்த இன்ஸ்ட்ரக்ஷன் செட்களை (சிப்புக்குத் தெரிந்த கட்டளைத் தொகுப்புகள்) ஆதரிக்கிறது என்ற பட்டியல், மொத்த ரேமும் கேம் தொடங்கிய கணத்தில் காலியாக இருந்த ரேமும், பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) அளவு, எல்லா கிராஃபிக்ஸ் அடாப்டர்களின் பெயர், அவற்றில் கேம் உண்மையில் தேர்ந்தெடுத்தது எது, டிரைவர் பதிப்பும் தேதியும், ஃபீச்சர் லெவல் (கார்டு ஆதரிக்கும் டைரக்ட்எக்ஸ் வசதிகளின் நிலை), விண்டோஸ் பில்ட் எண், கேம் நிறுவியிருக்கும் டிஸ்க் எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்கா, ரெசல்யூஷன், லேப்டாப் என்றால் அது பேட்டரியில் ஓடுகிறதா. சீரியல் எண், பயனர் பெயர், கோப்புறைப் பாதை ஆகியவை வேண்டாம். கேட்காமல் அனுப்பவும் வேண்டாம்.

வீடியோ மெமரி விஷயத்தில் இரண்டு பொறிகள் உண்டு. விண்டோஸின் தகவல் சேவையான டபிள்யூஎம்ஐ வழியாக அடாப்டர் ரேமைக் கேட்டால் அந்தப் புலம் 32 பிட் அகலம்தான், அதனால் 4 ஜிபிக்கு மேல் காட்டாது. டைரக்ட்எக்ஸின் பகுதியான டிஎக்ஸ்ஜிஐ வழியாகக் கேளுங்கள். இன்டெக்ரேட்டட் கிராஃபிக்ஸில் தனி மெமரி 128 எம்பி என்பதுபோல ஒரு சின்ன எண் வரும். அது மெயின் ரேமிலிருந்து தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும் சிப் என்பதை மறந்து, "மெமரி போதாது" என்று கேமை மூடிவிடும் சோதனைகள் நிறையவே உலவுகின்றன.

எந்த அடாப்டர் தேர்வானது என்பதைத் தனியாகப் பதியச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இருந்தும் 12 எஃப்பிஎஸ்தான்" என்று வரும் லேப்டாப் புகார்களில், கேம் அந்தக் கார்டையே தொடாமல் இன்டெலின் உள்சிப்பில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். உள்சிப்புக்கும் தனிக் கார்டுக்கும் இடையே மாறும் வசதிகளான என்விடியாவின் ஆப்டிமஸ், ஏஎம்டியின் பவர்எக்ஸ்பிரஸ் இரண்டுக்கும் தலா ஒரு மாறியை மதிப்பு 1 வைத்து எக்ஸ்போர்ட் செய்தால் டிரைவர் பெரிய கார்டைத் தேர்ந்தெடுக்கும். அவை முதன்மை எக்ஸியில் இருக்க வேண்டும்; டிஎல்எல்லுக்குள் வைத்தால் டிரைவர் பார்க்காது. எஞ்சினின் மெயின் லாஜிக் முழுவதும் டிஎல்எல்லில் இருக்கும் கேம்களில் இந்தத் தவறு எளிதில் நடக்கும்.

எத்தனை பேர்?

ஸ்டீம் மாதாமாதம் ஹார்ட்வேர் சர்வே வெளியிடுகிறது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் கலந்துகொள்வது, ஸ்டீம் முழுவதற்கும் பொதுவானது. ஒரு நிதானமான ஃபார்ம் கேமை விளையாடும் கூட்டமும் புதிய ஷூட்டரை விளையாடும் கூட்டமும் அந்த அட்டவணையில் கலந்துதான் இருக்கும். சர்வே திசையைக் காட்டும். முடிவுக்கு உங்கள் சொந்தக் கணக்கு வேண்டும்.

சொந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. டெலிமெட்ரி (கேமே அனுப்பும் பயன்பாட்டுத் தகவல்) பெரும்பாலும் எஞ்சின் எழுந்த பிறகுதான் தொடங்கும். எஞ்சின் எழவே எழாத மெஷின் அந்தக் கணக்கில் வராது. "அப்படிப்பட்ட மெஷின் 0.2 சதவீதம்தான்" என்று நீங்கள் பார்க்கும் எண், அடிபட்டவர்கள் வெளியேறிய பின் மிஞ்சியவர்களின் எண். இதற்கு வழி, எஞ்சினுக்கு முன்பாக ஓடும் சின்ன பூட்ஸ்ட்ராப் எக்ஸியிலிருந்து, அனுமதி பெற்ற பின், "தொடங்கினேன்" என்று ஒரு சமிக்ஞையும், மெயின் மெனு வந்ததும் "வந்துவிட்டேன்" என்று இன்னொன்றும் அனுப்புவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை சிபியூ, ஜிபியூ வாரியாகப் பிரியுங்கள். ரீஃபண்ட் கேட்டவர்கள் எழுதிய காரணங்களை ஸ்டீம் டெவலப்பருக்குக் காட்டுகிறது. அதையும் இதனோடு சேர்த்துப் படியுங்கள், ஏனென்றால் திறக்காத கேமுக்கு ரிவ்யூ எழுதுபவர்களைவிடச் சத்தமில்லாமல் பணத்தைத் திரும்பக் கேட்டுப் போகிறவர்கள் அதிகமாக இருக்கலாம்.

திறக்கவே இல்லை: சிபியூ கட்டளையாக இருக்கலாம்

லோகோ கூட வராமல் மூடிக்கொள்கிறது, கிராஷ் பதிவில் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று இருக்கிறது என்றால், அந்தச் சிப்புக்குத் தெரியாத கட்டளையை உங்கள் பில்ட் கேட்டிருக்கிறது. 2016இல் நோ மேன்ஸ் ஸ்கை வெளியானபோது எஸ்எஸ்இ4.1 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத ஏஎம்டி ஃபினம் சிப்களில் அது ஓடவில்லை. சில நாள்களில் சோதனைப் பேட்ச் வந்தது. 2018இல் அசாசின்ஸ் கிரீட் ஒடிஸி ஏவிஎக்ஸ் என்ற இன்னொரு தொகுப்பைக் கேட்டது. அதுவும் பேட்சில் நீக்கப்பட்டது. வேகம் போதாததால் வந்த சிக்கல் அல்ல இது. அந்த வகைச் சிப்பில் பில்டை ஒருமுறை திறந்து பார்த்திருந்தாலே வெளியீட்டுக்கு முன் தெரிந்திருக்கும்.

இங்கே "பழையது" என்ற சொல்லே ஏமாற்றும். ஏவிஎக்ஸ் 2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜோடு வந்தது, ஏவிஎக்ஸ்2 2013இல் ஹாஸ்வெல்லோடு. ஆனால் 2017இல் வந்த பென்டியம் ஜி4560, 2018இன் ஜி5400 இரண்டிலும் ஏவிஎக்ஸே கிடையாது. விலை குறைந்த சிப்களில் அதை இன்டெல் எடுத்துவிட்டிருந்தது. ஆகவே "2013க்குப் பிந்தைய சிபியூ போதும்" என்று தேவைப் பட்டியலில் எழுதினால் அது பொய்யாகிவிடும். கட்டளையின் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

சரிசெய்யும் வரிசை இது. முதலில், கிராஷ் டம்பில் (கேம் விழுந்த கணத்தின் பதிவு) எந்த மாட்யூல் என்று பாருங்கள். உங்கள் எக்ஸியாக இல்லாமல், சேர்த்துக்கொண்ட ஆடியோ, ஃபிசிக்ஸ், வீடியோ அல்லது டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும்) லைப்ரரியாக இருக்கலாம். அப்படியானால் அதன் அடிப்படைப் பதிப்பைத் தரும்படி அந்த நிறுவனத்திடம் கேட்பதுதான் வேலை. உங்கள் கோடு என்றால் பில்ட் ஸ்கிரிப்டில் ஏவிஎக்ஸ்2 ஆர்க் ஃபிளாகோ, பில்ட் மெஷினின் சிபியூவுக்கே பொருந்தும்படி கம்பைல் செய்யும் "நேட்டிவ்" ஃபிளாகோ இருக்கிறதா என்று தேடுங்கள். பில்ட் சர்வரைப் புதிதாக மாற்றிய வாரத்தில் பழைய மெஷின் புகார்கள் கூடினால், காரணம் அந்த நேட்டிவ்வாகவே இருக்கக்கூடும்.

வேகம் வேண்டும் என்பதற்காக ஏவிஎக்ஸ்2 பாதையை வைத்துக்கொள்ளலாம். அதைத் தனிக் கோப்பில் கம்பைல் செய்து, ஓடும்போது சிப்பின் வசதிகளைச் சொல்லும் சிபியூஐடி பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சிப் ஆதரித்தால் மட்டும் போதாது, ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அந்த ரெஜிஸ்டர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் அதைக் காட்டும் எக்ஸ்கெட்பிவி சோதனையும் சேர வேண்டும்.

பலர் இங்கே வந்து வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. அந்த ஏவிஎக்ஸ்2 கோப்பு ஒரு பொது ஹெடரைச் சேர்த்திருக்கும். ஹெடரில் உள்ள இன்லைன் ஃபங்ஷன் இரண்டு கோப்புகளிலும் இருமுறை கம்பைல் ஆகும்: ஒன்று சாதாரணமாக, மற்றொன்று ஏவிஎக்ஸ்2 ஆக. கம்பைல் ஆன கோப்புகளை இணைக்கும் லிங்கர் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். அது ஏவிஎக்ஸ்2 பிரதியாக அமைந்தால், எந்தச் சோதனையும் இல்லாத ஒரு சாதாரண கணக்கில் கேம் விழும். லிங்க் வரிசை மாறும்போது பிழை மறையும், மறுபடி வரும். தனிக் கோப்பில் பொது ஹெடர்களைச் சேர்க்காதீர்கள், அல்லது அதிலுள்ள ஃபங்ஷன்களை அந்தக் கோப்புக்கு மட்டுமே உரியவையாக ஆக்குங்கள்.

சோதிக்கப் பழைய சிப் கையில் இல்லாவிட்டாலும் இன்டெலின் சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் எமுலேட்டர் இருக்கிறது. ஏவிஎக்ஸ் இல்லாத நெஹாலெம் தலைமுறைபோல நடிக்கச் சொல்லி கேமை அதில் திறந்தால், ஏவிஎக்ஸ் கட்டளை வரும் இடத்திலேயே நின்று சொல்லும். மிக மெதுவாக ஓடும். மெயின் மெனு வரை வந்தால் போதும்.

மந்தம்: சிபியூவா ஜிபியூவா

ரெண்டர் ஸ்கேலை (காட்சியை வரையும் ரெசல்யூஷனின் அளவு) 50 சதவீதமாக்கி அதே இடத்தில் நின்று பாருங்கள். எஃப்பிஎஸ் தாவினால் சுமை ஜிபியூவில். அசையாமல் நின்றால் சிபியூவில். புகார் சொன்னவரிடமே இந்த ஒரு சோதனையைச் செய்யச் சொல்லலாம், ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஜிபியூ பக்கம் என்றால் கணக்கு பிக்சல்களில் இருக்கிறது. 1920×1080 என்பது சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1280×720 சுமார் 9.2 லட்சம். பாதிக்கும் குறைவு. எழுத்துகளும் மெனுவும் முழு ரெசல்யூஷனில் இருக்க, காட்சியை மட்டும் 720இல் வரைந்து பெரிதாக்கும் வசதி இல்லாத கேம், பழைய கார்டுக்காரரை மங்கலான எழுத்தைப் படிக்க வைக்கிறது. ஏஎம்டியின் பெரிதாக்கும் முறையான எஃப்எஸ்ஆர் 1க்கு மோஷன் வெக்டர் (ஒவ்வொரு பிக்சலும் நகர்ந்த திசை) தேவையில்லை, ஒரு ஃபிரேமை மட்டும் வைத்தே வேலை செய்யும் என்பதால் பழைய எஞ்சினிலும் ஓரிரு நாளில் சேர்க்க முடியும். தரம் எஃப்எஸ்ஆர் 2க்குக் கீழேதான். ஆனால் எஃப்எஸ்ஆர் 2 தானே சில மில்லிநொடி தின்னும், மெலிந்த ஜிபியூவில் அந்தச் செலவு லாபத்தையே விழுங்கிவிடலாம். அளந்து பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"லோ" செட்டிங் உண்மையிலேயே லோவாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பல கேம்களில் லோவுக்கும் ஹைக்கும் 20 சதவீத வித்தியாசம்கூட இருக்காது, ஏனென்றால் எல்லாத் தரத்திலும் ஓடும் ஏதோ ஒரு பாஸ் (ஃபிரேமை வரைவதில் ஒரு கட்டம்) பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஃபிரேமை ஆராயும் கருவிகளான ரெண்டர்டாக்கிலோ பிக்ஸிலோ பழைய கார்டில் ஒரு ஃபிரேமைப் பிடித்து, லோவில் எது அதிக மில்லிநொடி எடுக்கிறது என்று பாருங்கள். வால்யூமெட்ரிக் பனி, ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷன், ஆம்பியன்ட் ஆக்லூஷன், தூரத்து நிழல் அடுக்குகள் ஆகிய நான்கும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை. அவற்றுக்கு "ஆஃப்" என்ற நிலை இருக்க வேண்டும். 30 எஃப்பிஎஸ்சுக்கு ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லிநொடி கிடைக்கும். அதில் எந்தப் பாஸ் எவ்வளவு எடுக்கலாம் என்று எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

டெக்ஸ்சர் தரம் வேகத்தைவிட மெமரியைச் சார்ந்தது. பிசி7 முறையில் சுருக்கிய 4096×4096 டெக்ஸ்சர் ஒன்று 16 எம்பி, மிப்களோடு (அதன் படிப்படியான சிறு பிரதிகள்) சுமார் 21 எம்பி. மேல் மிப்பை விட்டுவிட்டால் கால்வாசிதான். 2 ஜிபி கார்டில் மெமரி நிரம்பி வழியும்போது எஃப்பிஎஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது. 50இலிருந்து 8க்கு விழும், திரும்பி நின்றால் மறுபடி ஏறும். "திடீர்னு ஸ்லோ ஆகுது" என்ற புகாரை இந்தக் கண்ணோடு படியுங்கள். டீஃபால்ட் செட்டிங்கைத் தேர்ந்தெடுக்கும் கோடு கார்டின் பெயரை மட்டும் பார்க்கக் கூடாது: ஜிடிஎக்ஸ் 1060 என்ற ஒரே பெயரில் 3 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு.

சிபியூ பக்கம் என்றால் கூட்டத்தின் எண்ணிக்கை, பார்வைத் தூரம், டிரா கால் (ஜிபியூவுக்கு அனுப்பும் வரையும் கட்டளை), ஃபிசிக்ஸ். இவற்றில் ஃபிசிக்ஸின் ஒரு குணம் பழைய மெஷினை மட்டும் குறிவைத்து அடிக்கும். ஃபிக்ஸட் டைம்ஸ்டெப் (ஃபிசிக்ஸ் ஒரு ஸ்டெப்பில் நகரும் நேரம்) 0.02 நொடி என்று வையுங்கள். ஒரு ஃபிரேம் தாமதமானால் அடுத்த ஃபிரேமில் விட்டுப்போன ஸ்டெப்களையும் சேர்த்து ஓட்ட வேண்டும். அதனால் அந்த ஃபிரேம் இன்னும் தாமதமாகும். அதற்கடுத்ததில் இன்னும் அதிக ஸ்டெப். யூனிட்டியில் ஒரு ஃபிரேமின் உச்சவரம்பு 0.333 நொடியாக இருந்தால், ஒரே ஃபிரேமில் 16 ஸ்டெப் வரை ஓடும். அதை 0.1 ஆக்கினால் 5 தான். நெருக்கடியான இடத்தில் கேம் சற்று மெதுவாக நகரும், ஆனால் உறையாது. ஒரு எண்ணை மாற்றும் வேலைதான். ஆன்லைன் போட்டி கேமாக இருந்தால் மட்டும், வேகம் ஒத்துப்போகாது என்பதால் யோசித்துச் செய்ய வேண்டும்.

கார்டில் ஒரு வசதியே இல்லாதபோது கதை வேறு. ஆலன் வேக் 2, 2023இல் மெஷ் ஷேடரை (வடிவங்களை வரையும் ஒரு புதிய ஜிபியூ வசதி) நம்பி வந்தது. ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் அது கிடையாது, ஓட்டம் மோசமாக இருந்தது. மார்ச் 2024 பேட்சில் அதை உருவாக்கிய ரெமடி அந்தக் கார்டுகளுக்கான பாதையை மேம்படுத்தியது. மாற்றுப் பாதை ஏற்கெனவே பாதி இருந்தால் அதை மெருகேற்றுவது நியாயமான வேலை. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் போல ரே டிரேசிங் ஹார்ட்வேர் கட்டாயம் என்று ஒளியமைப்பையே அதன்மீது கட்டிவிட்டால், பழைய கார்டுக்காக ஒவ்வொரு இடத்துக்கும் ஒளியை மறுபடி பேக் செய்ய (முன்கூட்டியே கணக்கிட்டுப் பதிய) வேண்டும். அது பேட்ச் வேலை இல்லை. அங்கே "முடியாது" என்று முதல் நாளே சொல்வதுதான் மரியாதை.

திக்கல்

பழைய மெஷினில் திக்கலுக்கு இரண்டு ஊற்றுகள்: ஷேடர் (ஜிபியூவில் ஓடும் சிறு நிரல்) கம்பைல், ஹார்ட் டிஸ்க்.

ஷேடர்களை முதல் தொடக்கத்திலேயே கம்பைல் செய்யலாம். நான்கு திரெட் சிபியூவில் அதற்கு இருபது நிமிடம் ஆனால் ஆகட்டும், ஆனால் முன்னேற்றப் பட்டையும் எஞ்சிய எண்ணிக்கையும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் "உறைந்துவிட்டது" என்று நடுவில் மூடிவிடுவார்கள், மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். செய்து முடித்தவரை டிஸ்கில் சேமித்துக்கொண்டே போங்கள். டிரைவர் மாறினால் கேஷ் செல்லாது என்பதையும் திரையிலேயே சொல்லிவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்கில் ஊசி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர சுமார் 10 மில்லிநொடி. நூறு சிறு கோப்புகளைச் சிதறலாகத் திறந்தால் ஒரு நொடி போய்விடும். படிக்கும் வரிசையிலேயே அடுக்கி ஒரே பேக் கோப்பில் வைப்பதுதான் மருந்து. ஒரே அசெட்டைப் (டெக்ஸ்சர், ஒலி போன்றவை) பல பேக்குகளில் திரும்பத் திரும்ப வைப்பது பழைய உத்தி; அதில் கவனம் தேவை. ஹெல்டைவர்ஸ் 2 ஹார்ட் டிஸ்க்காரர்களுக்காக இப்படிச் செய்து, பிசியில் சுமார் 154 ஜிபி வரை வீங்கியது. 2025இல் அளந்து பார்த்தபோது லோடிங் நேரத்தில் பெரும்பங்கு லெவலை உருவாக்கும் கணக்கில்தான் போகிறது, டிஸ்கில் இல்லை என்று தெரிந்தது. நகல்களை நீக்கியதும் சுமார் 23 ஜிபி. ஹார்ட் டிஸ்கில் கூடுதலாகச் சில நொடிகள் மட்டுமே. பழைய மெஷினுக்காகச் செய்த சலுகையையும் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

சோதனை மேசை

பயன்படுத்திய மெஷின்கள் மூன்று போதும்: இன்டெக்ரேட்டட் கிராஃபிக்ஸில் ஒற்றை ரேம் குச்சியோடு ஒரு லேப்டாப், 2 அல்லது 4 ஜிபி கார்டும் ஹார்ட் டிஸ்கும் உள்ள ஒரு டெஸ்க்டாப், உங்கள் மினிமம் ஸ்பெக்கில் எழுதியிருக்கும் அதே மெஷின். ஒற்றைக் குச்சி என்பதற்குக் காரணம், உள்சிப் மெயின் ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒரு சேனல் மட்டும் ஓடினால் பேண்ட்விட்த் பாதி. கடையில் விற்கும் மலிவு லேப்டாப்கள் பல அப்படித்தான் வருகின்றன.

புதிய மெஷினை முடக்கி ஓரளவு நடிக்க வைக்கலாம். விண்டோஸின் பூட் அமைப்பில் கோர்களையும் ரேமையும் குறைக்கலாம். வெற்று பஃபர்களை ஒதுக்கி வீடியோ மெமரியை நிரப்பி வைக்கலாம். டிரைவரின் குணமும் பழைய சிப்பின் கேஷும் அதில் வராது. எந்த மெஷினானாலும் கேமின் ஆக மோசமான இடத்தில் சேவ் செய்து, ஒரு மணி நேரம் ஓடிய பின் அளந்து பாருங்கள்: லேப்டாப் சூடேறி வேகம் குறைவது இருபதாவது நிமிடத்துக்குப் பிறகுதான் முழுமையாகத் தெரியும். சராசரி எஃப்பிஎஸ்சோடு மோசமான 1 சதவீத ஃபிரேம்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் எழுதும் முறை

நல்ல பதிலில் நான்கு இருக்கும்: அவருடைய ஹார்ட்வேரின் பெயர், காரணம், நீங்கள் செய்யப்போவது அல்லது செய்யாதது, இப்போதைக்கு அவர் என்ன செய்யலாம். தேதி, பேட்ச் சோதனையில் தேறிய பிறகு மட்டும். இப்படி:

"வணக்கம். உங்கள் பதிவைப் பார்த்தோம். உங்களிடம் இருப்பது ஃபினம் 2 எக்ஸ்4. நாங்கள் சேர்த்த ஆடியோ லைப்ரரி எஸ்எஸ்இ4.1 கேட்கிறது, உங்கள் சிப்பில் அது இல்லை. அதனால்தான் லோகோவுக்கு முன்பே மூடிக்கொள்கிறது. உங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை. மாற்றிய பில்ட் ஸ்டீமில் 'சோதனை' பீட்டா கிளையில் இருக்கிறது. திறந்ததா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்."

மறுக்கும் பதிலும் இதே அளவு துல்லியமாக இருக்கட்டும்:

"2 ஜிபி கார்டில் மூன்றாம் பகுதியை ஓட வைக்க முயன்றோம். டெக்ஸ்சரை ஆகக் குறைத்தும் 2.6 ஜிபி கேட்கிறது. அதற்கும் கீழே இறக்கினால் வழிகாட்டும் எழுத்துகள் படிக்க முடியாமல் போகின்றன. எனவே 2 ஜிபி கார்டுகளுக்கு ஆதரவு வராது. கடைப் பக்கத்தில் 4 ஜிபி என்று இன்று மாற்றியிருக்கிறோம். பழைய குறிப்பை நம்பி வாங்கியிருந்தால் ரீஃபண்ட் கேளுங்கள்."

இதில் கடைசி வரி முக்கியம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கிடைக்கும். ஷேடர் கம்பைலும் அந்த 2 மணி நேரத்தில் சேரும் என்பதால், பழைய சிபியூக்காரருக்கு நேரம் இன்னும் குறைவு. புதிய கார்டு வாங்கச் சொல்லாதீர்கள். "விரைவில்", "கவனித்து வருகிறோம்" இரண்டையும் அகராதியிலிருந்தே எடுத்துவிடலாம். பேட்ச் வந்ததும், எதிர்மறை ரிவ்யூ எழுதியவரின் கீழ் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு ஒரே ஒரு பதில் போடுங்கள். ரிவ்யூவை மாற்றும்படி கேட்க வேண்டாம். ஓடினால் பலர் அவர்களாகவே மாற்றிவிடுவார்கள்.

ஆதரவை நிறுத்துவது

சில சமயம் முடிவு உங்கள் கையில் இருக்காது. ஸ்டீம் கிளையன்ட் 1 ஜனவரி 2024 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றை ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிந்தது. எஞ்சினின் புதிய பதிப்பு பழைய ஏபிஐயை வெட்டிவிடுவதும் உண்டு. முடிவு யாருடையதானாலும் அறிவிப்பது நீங்கள்தான்.

கவுன்டர் ஸ்டிரைக் 2 வந்தபோது வால்வ் மேக், 32 பிட், டைரக்ட்எக்ஸ் 9 மூன்றையும் கைவிட்டது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று காரணம் சொன்னது. பழைய கேமின் உறைந்த பில்டை விட்டுவைத்தது. பாதிக்கப்பட்டவர்களில் தகுதியானவர்களுக்கு, கேமில் பணம் கட்டி வாங்கும் பிரைம் தகுதியின் கட்டணத்தைத் திருப்பித் தர வழி வைத்தது. சைபர்பங்க் 2077 ஹார்ட் டிஸ்க் ஆதரவை நிறுத்துவதை ஏறக்குறைய 90 நாள் முன்பே அறிவித்தது. எண், காலம், மாற்று வழி: இவை இருந்தால் கோபம் வந்தாலும் வாதம் நீளாது.

செய்முறை: கடைசியாக ஓடிய பில்டை ஸ்டீமில் தனி பீட்டா கிளையாக, பாஸ்வேர்ட் இல்லாமல், பதிப்பு எண்ணோடு நிறுத்துங்கள். அந்த மெஷின்களில் மட்டும் தெரியும்படி கேமுக்குள் மூன்று மாதம் முன்பே அறிவிப்பு போடுங்கள். எல்லோருக்கும் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். சேவ் ஃபைல் பழைய கிளைக்குத் திரும்பும்போது கெடாதபடி, பதிப்பு மாறும் அன்று ஒரு நகல் எடுத்து வையுங்கள். இதை மறந்துவிட்டுப் பழைய கிளையை மட்டும் கொடுத்தால், நூறு மணி நேர சேவ் திறக்காமல் வந்து நிற்பார்கள். ஆன்லைன் சர்வரோடு பழைய கிளை பேசாது என்றால் அதை அறிவிப்பின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டில் பிளே கன்சோல் மூலம் ரேம் அளவு, சிப் அல்லது மாடல் வாரியாக விலக்க முடியும். விலக்கினால், ஏற்கெனவே நிறுவியவருக்கும் அப்டேட் நின்றுபோகும். அதைவிட, குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பை உயர்த்தும் வெளியீட்டில் பழைய பண்டிலையும் (பிளே ஸ்டோரில் ஏற்றும் ஆப் தொகுப்பு) சேர்த்தே வைத்துக்கொண்டால், பழைய போன்களுக்கு அதுவே தொடர்ந்து போகும். விலக்கலாமா என்று முடிவு செய்யக் கூகுளின் வரம்பே ஒரு அளவுகோல்: பயனர் உணரும் கிராஷ் விகிதம் மொத்தத்தில் 1.09 சதவீதத்தைத் தாண்டினாலோ, ஒரே மாடலில் 8 சதவீதத்தைத் தாண்டினாலோ பிளே ஸ்டோரில் கேம் கண்ணில் படுவது குறையலாம். ஒரு பழைய மாடல் 8ஐத் தாண்டி நிற்கிறது, சரிசெய்யவும் வழியில்லை என்றால் அந்த ஒரு மாடலை மட்டும் விலக்குங்கள்.

பிசியில், மினிமம் ஸ்பெக்குக்குக் கீழே இருக்கும் மெஷினைக் கண்டுபிடிக்கும் சோதனை கேமைத் தடுக்கக் கூடாது. இல்லாத கட்டளை, இல்லாத ஃபீச்சர் லெவல் இரண்டுக்கு மட்டும் நிறுத்தி, எது இல்லை என்று பெயர் சொல்லுங்கள். மற்றதற்கெல்லாம் எச்சரிக்கையும் "ஆனாலும் தொடங்கு" என்ற பட்டனும் போதும். அந்தப் பட்டனை அழுத்தி வந்தவர்களின் கிராஷ் அறிக்கைகளில் ஓர் அடையாளம் சேர்த்துத் தனி வரிசைக்கு அனுப்பிவிடுங்கள்.